கயிறு போட்ட தெரு

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அகலமான தார்ச்சாலை. இன்னொன்று ஜஹபர் நிஷா குடியிருக்கும் தெரு. ஐஸ் வேன்காரர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், குறுக்கு வழியாயிற்றே. வண்டியில் மீன் ஏறிவிட்டால் பிரேக்கை மிதிக்க அவர்களுக்கு மனம் வராது. ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

நிஷா அந்தத் தெருவின் தையற்காரி. ஏலம் எடுக்கும் பெண்கள், மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்கள், கூடை சுமக்கும் பெண்கள், எல்லோருடைய ஜாக்கெட் அளவும் அவள் மனத்திலேயே இருந்தது. யார் இளைத்துப் போனாள், யார் எதையோ மறைத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் அவளுடைய அளவு நாடாவுக்கு முதலில் தெரிந்துவிடும். அவளுடைய கவலையை அளந்து பார்க்கத்தான் தெருவில் ஆள் இல்லை. அதற்கு அவள் இடம் கொடுத்ததும் இல்லை. எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

ஊருக்குள் முல்லா வீதிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கணவன் அய்மானுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் கல்யாணமான கையோடு இங்கே வந்துவிட்டாள். அய்மான் விசைப்படகுகளின் கியர் பாக்ஸ் பழுது பார்ப்பவன். என்ஜின் வெறிபிடித்ததுபோல் சுற்றும். அந்த வேகத்தைக் குறைத்து, தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியின் இலைகள் தாங்கும்படி கொடுப்பது கியர் பாக்ஸ். அய்மானும் ஏறக்குறைய அதே மாதிரி மனிதன்தான். அவனிடம் போய்ச் சேருகிற எந்தக் கோபமும் பாதியாகத்தான் வெளியே வரும்.

அவர்களுக்கு ஒரே மகள், தஹ்ஸீன். பிறவியிலேயே காது கேளாது. காதில் மாட்டிய கருவி எங்கோ தூரத்து இரைச்சலைப்போல எதையோ தரும், அவ்வளவுதான். அந்தக் குழந்தைக்கு உலகம் கண்ணுக்கு முன்னால் மட்டும்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் என்ன வந்தாலும் அது வராததுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், யார் கூடையிலிருந்தோ தப்பித்த நண்டு ஒன்று தெருவைக் கடந்துகொண்டிருந்தது. தஹ்ஸீன் நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து அதற்கு வழி விடாமல் விளையாடிக்கொண்டிருந்தாள். துறைமுகத்திலிருந்து வேன் வந்தது. ஹார்ன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. குழந்தை எழுந்துவிடும் என்று டிரைவர் கடைசிவரை நம்பினான். நம்பிக்கை தீர்ந்த இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தான். எதிர் வீட்டு செல்வாம்பாளின் தண்ணீர் டிரம் நசுங்கியது. வழிந்த தண்ணீர் காலை நனைத்த பிறகுதான் தஹ்ஸீன் திரும்பிப் பார்த்தாள். அப்போதும் கையில் நண்டு. முகத்தில் சிரிப்பு.

நிஷா ஓடிவந்து மகளை வாரி எடுத்துக்கொண்டாள். செல்வாம்பாள் வேன் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஹார்ன் அடிச்சேம்மா" என்றான் டிரைவர்.

"அடிச்சியா? அதுக்குக் காது கேக்காதுன்னு இந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். ஒனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியல."

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"இனிமே தெரியும். தெரியற மாதிரி செய்யிறேன், போ."

அன்று மாலையே அவளுடைய கணவர் சாமிக்கண்ணு தன் படகின் பழைய கயிற்றைத் தோளில் சுமந்து வந்தார். முன்கை பருமன் இருக்கும். அதைத் தெருவின் குறுக்கே போட்டு, இரண்டு முனையிலும் இரும்பு முளை அடித்து, தாரைக் காய்ச்சி ஊற்றினார்கள். மீனவத் தெருக்களில் வேகத்தடை அப்படித்தான் பிறக்கிறது. அரசாங்கத்தைக் கேட்டார்களா என்று நீங்கள் கேட்கக் கூடாது.

கயிற்றைக் கீழே வைக்கும் முன் செல்வாம்பாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புயலிலும் மழையிலும் படகைப் பிடித்து நின்ற கயிறு அவர்களுக்குக் குப்பை ஆகிவிடுவதில்லை. அதன் மேல் வண்டி ஏறலாம், அது அதன் புது வேலை. ஆனால் தெருவில் வயதான பெண்கள் அதைக் காலால் மிதிக்க மாட்டார்கள். புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டித்தான் போவார்கள்.

மறுநாள் கடைசி வீட்டுக் கன்னியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். அவள் மகனுக்கும் படகு உண்டு, அவள் பேச்சில் அது ‘போட்டு’. "ஏன், செல்வாம்பா வூட்டுப் போட்டுக் கயிறுதான் புள்ளயக் காப்பாத்துமா? எங்க கயிறு காப்பாத்தாதா?" என்றாள். அவள் வீட்டு வாசலிலும் ஒன்று விழுந்தது. அதைப் பார்த்து இன்னொரு வீடு. அதைப் பார்த்து மற்றொன்று. எல்லாம் தஹ்ஸீனுக்காக என்றுதான் சொன்னார்கள். மாதம் முடிவதற்குள் அந்தச் சின்னத் தெருவில் ஆறு கயிறுகள் கிடந்தன. வேன்கள் ஆமையாக ஊர்ந்தன. தஹ்ஸீன் நடுத்தெருவில் சைக்கிள் பழகினாள்.

"இந்தத் தெருவுக்கு சவாரி வந்தா, குடிச்ச டீயை வயித்துக்குள்ளயே ஆத்துற மாதிரி இருக்குது" என்று ஆட்டோக்கார வெற்றிவேல் புலம்புவான். அவனும் அதே தெருக்காரன்தான். வாங்கிக் கட்டிக்கொள்வான்.

நிஷா மட்டும் ஒவ்வொரு கயிற்றையும் பார்க்கும்போது மனத்துக்குள் துஆ செய்வாள். பெற்றவளுக்கு அடுத்தபடியாக ஒரு தெருவே தன் மகளைப் பெற்றுக்கொண்டதைப்போல அவளுக்கு இருந்தது.

அந்தக் கயிறுகளே ஒருநாள் தன் வயிற்றுக்கு எதிரே வந்து நிற்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

தஹ்ஸீனுக்குப் பிறகு நிஷா இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் இழந்திருந்தாள். இப்போது மறுபடியும் கர்ப்பம். பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையின் வாய் பலவீனமாக இருக்கிறது என்று சொல்லித் தையல் போட்டார். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவளுக்கு இப்படி ஒரு தையல்.

"வாராவாரம் வந்து ஊசி போட்டுக்கணும். நடக்காதே. குனியாதே. வண்டியில வரும்போது குலுங்காம வா. குலுங்கினாத்தான் போகும்னு நான் சொல்லல. ஆனா நீ ஏற்கெனவே ரெண்டு பார்த்துட்ட. நாமளா எதுக்கு இடம் குடுக்கணும்?"

முதல் வாரம் வெற்றிவேலின் ஆட்டோவில்தான் போனாள். அவன் மெதுவாகத்தான் ஓட்டினான். ஆனால் கயிற்றுக்கு மெதுவும் தெரியாது, வேகமும் தெரியாது. முன் சக்கரம் ஏறி விழுந்தது. பின் சக்கரங்கள் ஏறி விழுந்தன. ஆறு கயிறும் முடிவதற்குள் நிஷாவின் கை ஆட்டோக் கம்பியில் வெளுத்துப்போயிருந்தது. வீடு திரும்பிய பிறகு புடவையில் ஒரு துளி ரத்தம் பார்த்தாள். ஒரு துளிதான். அதற்கு மேல் வரவில்லை. ஆனால் அந்த ஒரு துளியை அவள் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் அய்மான் கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நான் போய் செல்வாம்பா அக்காகிட்ட சொல்லிடுறேன். அவங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் எடுத்துடுவாங்க."

"வேணாங்க."

"ஏன்?"

"அத்தனையும் நம்ம புள்ளைக்குப் போட்டது. நான் கேட்டாப் போட்டாங்க? எனக்கு ஒண்ணு வயித்துல வந்ததும், இதை எடுங்கன்னு எந்த வாயால சொல்றது? சொல்லி எடுத்துட்டாங்கன்னே வைங்க. அன்னைக்கே இவ தெருவுல நிப்பா. பின்னாடி வேன் வரும்." நிஷா பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தாள். தஹ்ஸீன் துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். "எடுத்தா இவ. வுட்டா இது. நான் எதைங்க கேக்குறது?"

ஒரு பிள்ளையைக் காக்கிற அதே பொருள் இன்னொரு பிள்ளைக்கு எமனாக நின்றால், எந்தத் தாய்க்குத்தான் பதில் தெரியும்?

அடுத்த வியாழக்கிழமை நிஷா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

"வெற்றிவேலு, கயிறு வர்றதுக்கு முன்னாடி நிறுத்து."

"ஏங்க்கா, எதனா மறந்துட்டீங்களா?"

"நிறுத்துடா."

இறங்கினாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, புடவையைச் சற்றுத் தூக்கி, கயிற்றை மெல்லத் தாண்டினாள். ஆட்டோ தடக் தடக்கென்று ஏறி இறங்கி வந்து நின்றது. ஏறிக்கொண்டாள். அடுத்த கயிறு. மறுபடி இறங்கினாள். போகும்போதும் அப்படியே, வரும்போதும் அப்படியே.

"இதுக்கு நடந்தே போயிடலாமேக்கா" என்றான் வெற்றிவேல்.

"நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப இது இன்னா, நாட்டியமா?"

"வாய மூடிட்டு ஓட்டு. யார்கிட்டயும் சொல்லாத."

வெற்றிவேல் உண்மையாகவே யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தெருவுக்குக் கண் இருந்ததே. மீன் அலசிக்கொண்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் இருந்த பெண்கள் இந்தக் காட்சியைப் பார்த்தார்கள். நிஷா மறுபடி உண்டாகியிருப்பதோ தையல் போட்டிருப்பதோ அவர்களுக்குத் தெரியாது. இரண்டு முறை ஊருக்குச் சொல்லி இரண்டு முறை அழுதவள் என்பதால் இம்முறை அவள் வாயைத் திறக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஏன் ஆட்டோ என்று கேட்டவர்களிடம், இடுப்பு வலிக்கு மருந்து என்று சொல்லிவைத்திருந்தாள்.

அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். படகுக் கயிறு வந்தால் நிஷா வண்டியிலிருந்து இறங்கி, காலால் மிதிக்காமல் தாண்டுகிறாள்.

கன்னியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாய் வூட்டுப் பொண்ணு. நம்ம போட்டுக் கயித்துக்கு எப்படி மரியாதை குடுக்குது பாத்தியா? வண்டியில ஒக்காந்துக்கிட்டுத் தாண்ட மாட்டேங்குது" என்றாள். அத்தோடு நிறுத்தினாளா? தன் மருமகளைப் பார்த்து, "நீயும் இருக்கியே, ஸ்கூட்டியில பறக்குற" என்றாள். மருமகள் அன்றிலிருந்து ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போனாள். இன்னும் இரண்டு மூன்று பெண்கள் ஆட்டோவிலிருந்து இறங்கித் தாண்ட ஆரம்பித்தார்கள். கயிறுகளின் ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் தென்பட்டன.

வெற்றிவேல் தலையில் அடித்துக்கொண்டான். "இப்ப எல்லா சவாரியும் எறங்கி ஏறுதுக்கா. நீங்க ஆரம்பிச்சது." நிஷா சிரித்தாள். ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி அவளுக்கு அடிவயிறு கனக்க ஆரம்பித்திருந்தது. ஐந்தாம் மாதம் பிறந்திருந்தது. அவள் பயந்துகொண்டிருந்த மாதம்.

ஒரு நாள் மத்தியானம் தெருவில் சத்தம் கேட்டு நிஷா வாசலுக்கு வந்தாள். சாமிக்கண்ணு தோளில் புத்தம் புதிய நீலக் கயிறு ஒன்று மலைப்பாம்பைப்போலச் சுருண்டிருந்தது. பழையவற்றைவிடப் பருமன். செல்வாம்பாள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எம்மா நிஷா, எல்லார் வாசல்லயும் கயிறு இருக்குது, ஒன் வாசல்ல இல்ல. இம்மாம் மரியாதை வெச்சிருக்குற பொண்ணுக்குப் பழசைப் போடலாமா? எங்க போட்டுக்குன்னு வாங்குன புதுசு. நீ தொட்டுக் குடு, நான் போடுறேன்."

நிஷா கயிற்றைப் பார்த்தாள். அவள் வாசலுக்கு நேராக, ஆட்டோவில் அவள் ஏறுகிற இடத்தில் போடப் போகிறார்கள். கண்கள் தானாக நிறைந்தன. செல்வாம்பாள் அதைச் சந்தோஷம் என்று நினைத்தாள். "இன்னாத்துக்கு இதுக்குப் போயி அழுவுற?" என்று முந்தானையை நீட்டினாள்.

"அக்கா, போடாதீங்கக்கா."

"ஏன்?"

"என்னால முடியலக்கா." நிஷா செல்வாம்பாளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "இதுக்குத்தான் எறங்குனேன். மரியாதைக்கு இல்ல. குலுங்குனா இதுவும் போயிடும்னு பயம். தையல் போட்டிருக்கு. போன தடவை மாதிரியே அஞ்சாம் மாசம்."

செல்வாம்பாளின் கை அந்த வயிற்றின் மேலேயே நின்றது. பிறகு அவள் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்தாள். எவ்வளவு பெரிய மீன் ஏலத்திலும் குரல் இறங்காதவள், மெதுவாகப் பேசினாள்.

"எதிர் வூட்ல நான் எதுக்குடி இருக்கேன்?"

"நீங்க போட்டது தஹ்ஸீனுக்குக்கா."

"போட்ட கைக்கு எடுக்கத் தெரியாதா? ஒரு வார்த்தை. ஒத்த வார்த்தை எங்கிட்ட சொல்ல ஒனக்கு வாய் வரல."

"எடுத்துட்டா இவளுக்கு எதனா ஆயிடுமேக்கா."

தஹ்ஸீன் இதற்குள் வந்து அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, இத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து கன்னியம்மாள் சொன்னாள். "எங்க கயித்தை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. அது எங்க வூட்டுக்காரர் கை பட்ட கயிறு."

"ஒன் கயித்தை யாரும் திங்கப்போறது இல்ல" என்றாள் செல்வாம்பாள். எழுந்து போய் வீட்டிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தாள். சாமிக்கண்ணு வாங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை. தான் கண்ணில் ஒற்றிப் போட்ட கயிற்றின் முளையைத் தானே நெம்பினாள். தார் பிய்ந்து வந்தது. அவள் முகத்தில் வழிந்தது வியர்வையா கண்ணீரா என்று பார்க்க யாருக்கும் துணிவு வரவில்லை.

அய்மானை யாரோ போய் அழைத்து வந்திருந்தார்கள். அவன் பிடுங்கிய கயிற்றைக் கையால் தடவிப் பார்த்தான்.

"அக்கா, எல்லாத்தையும் எடுத்துட வேணாம். கியர் பாக்ஸ்ல நாங்க இன்னா செய்யிறோம்? வேகத்தை ஒரேயடியாப் புடிச்சா பல்லு ஒடஞ்சிடும். அதனால சின்னப் பல்சக்கரத்துலேர்ந்து பெரிய பல்சக்கரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு போறோம். இதையும் அப்படிச் செய்யலாம். ஒத்தக் கயிறா கெடந்தா தூக்கிப் போடும். மூணு கயித்தைப் பக்கத்துல பக்கத்துல போடுவோம். நடுவுல பெருசு, ரெண்டு பக்கமும் சின்னது. மேல ஜல்லியும் தாரும் கொட்டிச் சரிவாக்குவோம். தெருவோட அந்த முனையில ஒண்ணு, இந்த முனையில ஒண்ணு. வேனும் மெதுவாத்தான் வரும். குலுக்கலும் இருக்காது."

"அப்ப எங்க கயிறு?" என்றாள் கன்னியம்மாள்.

"எல்லார் கயிறும் அதுக்குள்ளதான்மா இருக்கும்."

"நடுவுல யாருது?"

இந்த இடத்தில் ஒரு சண்டை வந்திருக்க வேண்டும். செல்வாம்பாள் வாயைத் திறந்தாள், நிஷாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். "ஒன் கயித்தையே நடுவுல போட்டுக்கோ" என்றாள். ஆறு கயிறுகளையும் பிடுங்கி, தெருவின் இரண்டு முனையிலும் அடுக்கித் தார் ஊற்றினார்கள். நீலக் கயிறு படகுக்கே திரும்பிப் போனது.

தார் இறுகும்வரை அதன் மேல் வண்டி ஏறக் கூடாது, தெருவில் வேறு தடையும் கிடையாது. அந்த நேரம் முழுக்க செல்வாம்பாள் மீன் சுமக்கும் அலுமினியப் பாத்திரத்தைக் கவிழ்த்துப்போட்டு நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தாள். தஹ்ஸீன் அவள் மடியில். ஒரு ஐஸ் வேன் வந்து நின்றது.

"ஐஸ் கரையுதும்மா. வழி வுடு."

"கரையட்டும். ரோட்டு வழியாச் சுத்திப் போ."

"நீ இன்னா ஸ்பீட் பிரேக்கரா?"

"ஆமாண்டா. ஏறிப் பாரு."

தஹ்ஸீனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் டிரைவரின் முகம் போன போக்கைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் வேனைப் பின்னுக்கு எடுத்தான்.

வியாழக்கிழமை வந்தது. நிஷா ஆட்டோவில் உட்கார்ந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் தஹ்ஸீனும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வாசல்களில் பெண்கள் நின்றார்கள். வெற்றிவேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல வண்டியை எடுத்தான்.

தெருமுனை நெருங்கியது. நிஷா வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஆட்டோவின் மூக்கு மெல்ல உயர்ந்தது. காற்றில்லாத நாளில் அலை படகைத் தூக்கி இறக்குவதைப்போல வண்டி ஏறியது, இறங்கியது. அவ்வளவுதான். எதுவும் விழவில்லை.

"வெற்றிவேலு, நிறுத்து."

அவன் பதறித் திரும்பினான். "இன்னாக்கா, வலிக்குதா? நான் மெதுவாத்தானே..."

"இல்ல. கொஞ்சம் சும்மா இரு."

வண்டி நின்றுவிட்டது. என்ஜினையும் அணைத்துவிட்டான். ஆனால் நிஷாவுக்குள் ஏதோ ஒன்று நிற்கவில்லை. மீன் குஞ்சு வாலை அசைத்ததுபோல ஒரு முறை. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் கொஞ்சம் பலமாக, இன்னொரு முறை. இழந்த இரண்டும் அவளுக்கு இந்த அசைவைக் காட்டியதே இல்லை.

அவள் மகளின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். தஹ்ஸீன் முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்கள் விரிந்தன. காதால் எதையும் கேட்காத அந்தக் குழந்தை, உள்ளங்கையால் தன் தம்பியைக் கேட்டுவிட்டாள். கையை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

"போலாமாக்கா?" என்று வெற்றிவேல் முன்பக்கம் பார்த்தபடியே கேட்டான்.

"போ. மெதுவா."

மாதம் நிறைந்து பிள்ளை பிறந்தது. ஆண். கறுப்பாக, நல்ல கனமாக, பிரசவ வார்டே எழுந்து உட்காரும்படி அழுதான். சொந்தக்காரர்கள் முல்லா வீதியிலிருந்து வருவதற்கு முன்பே செல்வாம்பாள் தூக்குச் சட்டியோடு வந்துவிட்டாள். உள்ளே சுறாப்புட்டு. பிள்ளைக்காரிக்குப் பால் ஊற அதைவிட நல்லது அவர்களுக்குத் தெரிந்து வேறில்லை.

நிஷா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாள்.

"போதுமா? இவனை வயித்துல வெச்சிக்கிட்டு ஊருக்குச் சொல்லாம மறைச்சியே, அந்த மாதிரி இப்ப வயித்துக்கும் பொய் சொல்றியா? தின்னு."

நிஷா சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் சாப்பிட்ட பிறகு, தயங்காமல், யாரையும் பார்த்துக் கூச்சப்படாமல் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கும் செஞ்சிக் கொண்டாறியா? காரம் மட்டும் கொஞ்சம் கம்மியா."